இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சேலம் அம்மாபேட்டைப் பக்கம் வேலைக்குப் போகும் நண்பர்கள் ஆறு பேர் நீங்கள். பக்கத்தில் உள்ள குழந்தைகள் இல்லத்தில் எட்டுப் பையன்களுக்கு இன்னும் ஒன்றரை வருடத்துக்குள் 18 வயது நிறைகிறது. அவர்களில் இரண்டு பேர் ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கலாம் என்று இருக்கிறீர்கள், என்னென்ன பாடம் வைக்கலாம் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். போன வருடம் வெளியே போன ஒரு பையன் மூன்று மாதத்தில் நான்கு வேலை மாறினான், இப்போது எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை என்று. அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கு ஆனது இந்த எட்டுப் பேருக்கும் ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

நான் சமூகப்பணி படித்தவள். இருபது வருடத்துக்கும் மேலாகச் சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் பையன்களோடுதான். பெண்பிள்ளைகளைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது உலக சுகாதார நிறுவனம் 1990-களில் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். தன்னை அறிதல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகும் அந்தப் பட்டியல். அதில் தவறே இல்லை. ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதி, வட்டமாக உட்காரவைத்து நடத்திய என் முதல் சில வருட வகுப்புகளால் ஒரு பையனாவது நிமிர்ந்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வகுப்பில் எல்லாரும் நன்றாகத்தான் பதில் சொன்னார்கள்.

எனக்குக் கண் திறந்தது ஒரு மதியச் சாப்பாட்டில். பதினாறு வயதுப் பையன் ஒருவன், இல்லத்துச் சமையலறையில் சமையல்காரம்மாவுக்குக் கூடமாட நின்று சாம்பார், பொரியல் எல்லாம் பழகியவன். மூன்று பையன்களிடம் 300 ரூபாய் கொடுத்து, சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போய் ஆறு பேர் சாப்பாட்டுக்கு வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். அவன்தான் தலைவன். அரைக் கிலோ பச்சை மிளகாயும் மூன்று கிலோ தக்காளியும் வந்தன. பருப்புக்குப் பணம் மிஞ்சவில்லை. அவன் விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவன் கண்ணில் பட்ட அளவெல்லாம் நாற்பது பேருக்கான அளவு. நாற்பது பேருக்குச் சமைக்கத் தெரியும், ஒருவனுக்குச் சமைக்கத் தெரியாது. அரிசி என்ன விலை என்று கேட்டேன், மூன்று பேருக்குமே தெரியவில்லை. தட்டில் விழும் சோற்றுக்கு விலை இருக்கிறது என்பதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அப்புறம் இல்லத்தை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எழுவதற்கு மணி, குளிக்க மணி, படிக்க மணி, விளக்கணைக்க மணி. அந்தப் பிள்ளைகள் யாரும் ஒரு பூட்டுக்குச் சாவி வைத்திருந்ததில்லை. இன்றைக்கு எந்தச் சட்டை என்பதைத் தவிர வேறொன்றையும் தேர்ந்தெடுத்ததில்லை. இல்லம் நடத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஐம்பது பிள்ளைகளை நான்கு பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மணி இல்லாமல் முடியாது. ஆனால் பதினெட்டாவது பிறந்தநாள் வரைக்கும் ஒரு முடிவும் எடுக்காத பிள்ளையிடம், மறுநாளிலிருந்து எல்லா முடிவையும் நீயே எடு என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை கல்லூரி முடித்து, வேலைக்குப் போன பிறகும் கேஸ் தீர்ந்துவிட்டால் அம்மாவுக்குத்தான் போன் போடுகிறான்.

அதனால் ஞாயிறு வகுப்பை வகுப்பாக வைக்காதீர்கள். இல்லத்து நிர்வாகத்திடம் பேசி, பையன்கள் கையில் உண்மையான பணத்தையும் உண்மையான முடிவையும் கொடுக்க வழி பாருங்கள். நான் செய்து பார்த்ததில் பலன் தந்தது இது. பதினாறு, பதினேழு வயதில் வாரத்துக்கு ஒரு சிறு தொகை, ஆளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, எண்ணெய், பஸ் காசு, முடி வெட்டுவது, வாய்க்கு ருசியாக ஏதாவது, எல்லாம் அதற்குள். முதல் வாரம் புதன்கிழமையே தீர்ந்துவிடும். தட்டுவடை செட்டுக்கும் ரீசார்ஜுக்கும் போயிருக்கும். அங்கேதான் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். மேலே கொடுக்கக் கூடாது, திட்டவும் கூடாது. இல்லத்தில் சோறு இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது. பணம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டினி இல்லாமல் கற்றுக்கொள்ள அவனுக்கு வாய்த்திருப்பது இந்த ஒன்றரை வருடம்தான். மூன்றாவது மாதத்தில் பெரும்பாலானவர்கள் சனிக்கிழமை வரை இழுத்துவிடுகிறார்கள். சிலர் இழுப்பதே இல்லை. அவர்களை இப்போதே அடையாளம் தெரிந்துகொள்வதும் ஒரு பலன்தான். வங்கிக் கணக்கும் இப்போதே வேண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதித்திருக்கிறது. 18 முடிந்ததும் புதிதாகக் கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்து அதைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, முதல் சம்பளத்தை எடுக்க முடியாமல் நின்ற பையனைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சம்பளம் என்றதும் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு பையன், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசியைப் போட்டு ஒரு போன் வாங்கிக்கொண்டு என்னிடம் காட்ட வந்தான். வாடகைக்கு என்ன செய்வாய் என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம் அவன் எனக்குப் போன் பண்ணவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவனுக்குக் கை விரலில் அடிபட்டது, அறை மாறினான், காய்ச்சலில் கிடந்தான். எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு போனின் விலைக்கு நான் இழந்தது அது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காசில் தனக்கென்று ஒரு பொருள் வாங்கியவன், அதைக் காட்டுவதற்கு என்னைத் தேடி வந்தான். முதலில் போனைக் கையில் வாங்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். வாடகையைப் பற்றி மறுநாள் பேசியிருக்கலாம்.

வேலை மாறிக்கொண்டே இருந்த அந்தப் பையனைப் பற்றி எனக்கு நேராகத் தெரியாது. ஆனால் நான் பார்த்த பலர் வேலை தெரியாமல் வேலையை விடவில்லை. லீவு கேட்கத் தெரியாமல் விட்டார்கள். மேஸ்திரி ஒருநாள் சத்தம் போட்டார் என்றால் மறுநாள் போவதில்லை. இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டால் மூன்றாம் நாள் போய் முகத்தைக் காட்ட வெட்கம். அப்படியே அந்த வேலை முடிந்துவிடும், பாக்கிச் சம்பளத்தைக்கூடக் கேட்பதில்லை. வீட்டில் வளரும் பிள்ளை அப்பாவிடம் திட்டு வாங்கிவிட்டு ராத்திரி அதே வீட்டில் சாப்பிடுகிறது. கோபம் வரும், போகும், உறவு அப்படியே இருக்கும் என்பது அதற்கு உடம்பிலேயே பதிந்திருக்கிறது. இடம் மாறி மாறி வளர்ந்த பிள்ளைக்குத் திட்டு என்றால் இனி இங்கே இடமில்லை என்று அர்த்தம். இந்தக் காரணம் என் ஊகம்தான், ஆனால் நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பயிற்சி கொடுக்க முடியும். உங்களில் ஒருவர் முதலாளியாக உட்காருங்கள், பையன் வந்து "அண்ணா, நாளைக்கு எனக்கு லீவு வேணும்" என்று கேட்கட்டும். மறுத்துச் சொல்லுங்கள். சத்தம் போடுங்கள். "நேத்து சொல்லாம நின்னுட்டேன், தப்புதான், இன்னைக்கு வந்துட்டேன்" என்று வாயால் சொல்லிப் பழகட்டும். முதலில் சிரிப்பார்கள். நாலாவது வாரம் சிரிக்க மாட்டார்கள்.

அதேபோல வாயால் பழக வேண்டிய இன்னொரு பதில் இருக்கிறது. அறை தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "சொந்த ஊர் எது தம்பி, அப்பா என்ன பண்றார்?" வெள்ளந்தியாகக் கேட்பதுதான், ஆனால் அந்த இடத்தில் இந்தப் பிள்ளைகள் உறைந்துபோகிறார்கள். சிலர் பொய் சொல்லிப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள், சிலர் முழுக் கதையையும் அறிமுகமில்லாதவரிடம் கொட்டிவிட்டுக் கூசிப்போகிறார்கள். "அப்பா அம்மா இல்லைங்க, சேலத்துலயே ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன், இப்ப இந்த இடத்துல வேலை பாக்கறேன்" என்று உண்மையாகவும் சுருக்கமாகவும் சொல்லி நிறுத்த முடியும். தன் கதையை யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே தோள் நிமிர்கிறது.

ஏற்காட்டுப் பிள்ளைகள் இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் மலையாளி பழங்குடியினராக இருந்தால் (கேரளத்து மலையாளிகள் இல்லை, தமிழ் பேசும் நம் மலை மக்கள்) சாதிச் சான்றிதழை இப்போதே பாருங்கள். பழங்குடியினர் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், மற்ற சான்றுகள்போல வட்டாட்சியரோடு முடியாது. விசாரணை உண்டு, நாளாகும். கல்லூரி இடமும் உதவித்தொகையும் அந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன. அப்புறம், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அவர்களுக்கு வேறு உலகம். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சார்த்தி மிளகு பறிக்கத் தெரிந்த பையன் ஒருவன், ஐந்து ரோட்டில் சாலையைக் கடக்கக் கை நடுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கும் வெக்கை, புழுக்கமான அறை, யாரும் பேசாத தெரு, இவை தாங்காமல் திரும்பி ஏறிவிடுகிறார்கள். அதை நாம் தோல்வி என்று எழுதி வைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போவதோடு நின்றுவிடக் கூடாது என்பது சரி. ஆனால் விருப்பப்பட்டு, கையில் ஒரு தொழிலோடு மலைக்குத் திரும்புகிறவன் விழுந்தவன் இல்லை. எலெக்ட்ரீசியன் படித்துவிட்டு மேலே போய் நன்றாக இருக்கிறவர்கள் எனக்குத் தெரியும்.

இனிச் சட்டத்தில் உறுதியாக உள்ளவை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆம் பிரிவு, 18 வயதில் இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பொருளுதவி தர இடம் கொடுக்கிறது. இதைப் பின்தொடர் பராமரிப்பு என்பார்கள். 21 வயது வரை, தேவை இருந்தால் 23 வரை நீட்டலாம். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்காக ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் வகுத்திருக்கிறார்கள். தானாக வராது. குழந்தைகள் நலக் குழுவின் முன் வைத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளியேறிய பின் வாழ்க்கைக்கான திட்டத்தை இரண்டு மாதம் முன்பே எழுத வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. என் கணக்கில் இரண்டு மாதம் போதவே போதாது, பதினாறில் தொடங்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இல்லத்துப் பிள்ளைகள் பலர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்தான். ஒரு வேண்டுகோள்: இடம் இருக்கிறது என்பதற்காக எட்டுப் பேரையும் ஒரே பிரிவில் தள்ளாதீர்கள். ஒருவனுக்கு வெல்டிங் பிடிக்கும், ஒருவனுக்குத் துணிக்கடையில் நின்று பேசுவது பிடிக்கும். இரண்டு இடத்தையும் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினாலே தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது முன்பணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையிலும் விசைத்தறியிலும் முன்பணம் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. 20,000 ரூபாயை மொத்தமாகப் பார்க்காத பையனுக்கு அது பரிசுபோலத் தெரியும். கடன் தீரும்வரை போகக் கூடாது என்று யாராவது அவனைப் பிடித்துவைத்தால் அது 1976-ஆம் வருடச் சட்டப்படி கொத்தடிமை, குற்றம். இதை அவன் சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். போனில் வரும் கடன் செயலிகளும் அதே கண்ணிதான். பணம் பறிபோனால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தனி அறைக்குப் போகிறவனுக்குச் சின்னத் தகவல் ஒன்று: 5 கிலோ சிறிய சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம். ஹோட்டல் சாப்பாட்டில் கரையும் சம்பளத்தில் பெரும்பகுதி இதில் மிஞ்சும்.

உங்கள் ஆறு பேருக்கும் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். எந்தப் பையனோடும் தனியாக, மூடிய அறையில் இருக்காதீர்கள். அவனுக்கும் அது பாதுகாப்பு, உங்களுக்கும்தான். பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தை வாட்ஸ்அப்பிலோ வேறெங்குமோ போடாதீர்கள். இல்லத்துப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் படம் பத்து வருடம் கழித்து அவன் பெண் பார்க்கப் போகும்போது அவனுக்கு முன்னால் போய் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், வருவேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். வராதவர்களை அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குமேல் முடியாது என்றால் முதல் நாளே ஆறு மாதம் என்று சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கு வலிக்காது.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு அண்ணன் என்று பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சேர்த்துவைத்த ஜோடிகள் சில பதினைந்து வருடமாக நீடிக்கின்றன, சில ஒரு மாதத்தில் கலைந்தன. ஏன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பையன்களே ஆளைத் தேர்ந்தெடுக்க விட்டபோது கொஞ்சம் அதிகமாக நிலைத்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் எல்லாரும் எல்லாரோடும் இருங்கள். யார் யாரிடம் போய் உட்காருகிறான் என்று பாருங்கள்.

பெண்பிள்ளைகள் இல்லத்துக்கும் போக எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே உங்களோடு கட்டாயம் பெண்கள் இருக்க வேண்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: 18 முடிந்ததும் நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நல்ல மனதோடு நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். திரும்பிப் போக ஒரு வீடு இல்லாத பெண்ணை அப்படி அனுப்புவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. வேலையும், தோழி விடுதி (வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசு விடுதி) மாதிரி ஓர் இடமும் முதலில் இருக்கட்டும். கல்யாணத்தை அவளே பின்னால் முடிவு செய்வாள்.

அவர்கள் வெளியே போன பிறகு மிகவும் கஷ்டமான நாட்கள் எவை என்று பழைய பையன்களிடம் கேட்டிருக்கிறேன். சம்பளம் தீரும் மாதக் கடைசியைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றார்கள், தீபாவளி என்றார்கள். பட்டறை மூடிவிடும், மெஸ் மூடிவிடும், உடன் தங்கியிருப்பவன் ஊருக்குப் போய்விடுவான். தெரு முழுக்க விருந்தாளிகள் நிற்பார்கள், இவன் அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அந்த நாளில் சாப்பிட வாடா என்று கூப்பிட ஒரு வீடு இருந்தால், மற்ற நாட்களில் வேலையில் சிக்கல் வந்தாலும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போன் போடுகிறான். இரண்டு வருடம் பேசாமல் இருந்தானே, அவன் எனக்கு மறுபடி போன் பண்ணியதும் ஒரு தீபாவளி அன்றைக்குத்தான். "அக்கா, எங்க இருக்கீங்க?" என்றான். வீட்டில்தான் இருக்கிறேன், வா என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாடம் எதுவும் எடுத்துப்போக வேண்டாம். இல்லத்துக் கண்காணிப்பாளர் அனுமதியோடு எட்டுப் பேரின் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளி மதிப்பெண் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்து, முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்று பையன்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் எந்தச் சான்று சரி என்று தீர்மானித்த பிறகே மையத்துக்குப் போங்கள். எட்டில் மூன்று பேருக்காவது ஏதோ ஒன்று இடிக்கும். அந்த மூன்று பேரோடு வரிசையில் போய் நில்லுங்கள், ஆனால் கவுன்ட்டரில் பேசுவது அவர்களாக இருக்கட்டும்.